பொருளாதாரம் சரியும்போது வீட்டுக் காப்பகங்களுக்கு என்ன நேர்கிறது?

மந்தநிலை வந்தால் குழந்தைக் காப்பகங்களுக்குத் தேவை குறையும் என்பது எல்லோரும் போடும் கணக்கு. வேலை போன அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருப்பார், பிள்ளையை அவரே பார்த்துக்கொள்வார், காப்பகத்துக்குக் கட்டும் பணம் மிச்சமாகும். அமெரிக்காவின் புள்ளிவிவரங்கள் இந்தக் கணக்கை ஓரளவுக்கு உறுதிப்படுத்தவும் செய்கின்றன. வேலைக்குப் போகும் தாய்மார்களின் பள்ளி வயதுக்கு வராத பிள்ளைகளில், தாய் வேலையில் இருக்கும் நேரத்தில் தந்தை பார்த்துக்கொண்ட பிள்ளைகள் 1988-ல் 15 சதவீதம். மந்தநிலை ஆண்டான 1991-ல் இது 20 சதவீதமாக ஏறியது. பொருளாதாரம் தேறத் தொடங்கிய 1993-ல் 16 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 2008-ஐ ஒட்டிய பெரும் மந்தநிலையிலும் இதே போக்குதான். மனைவி வேலைக்குப் போகும் குடும்பங்களில், பதினைந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் தந்தையர் 2002-ல் 26 சதவீதமாக இருந்தனர், 2010-ல் 32 சதவீதமாயினர். இரண்டு கணக்குகளின் அடிப்படையும் வேறு வேறு என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஆனால் போகும் திசை ஒன்றுதான்.

இந்த எண்களோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். மந்தநிலையில் உண்மையில் இறங்குவது காசு கொடுக்கும் சக்தி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற தேவை அப்படியேதான் இருக்கிறது, நேரத்தையும் இடத்தையும் விலையையும் மட்டும் மாற்றிக்கொள்கிறது. அப்படி மாறும்போது அதன் சுமையில் பெரும்பங்கு ஓர் இடத்தில் போய் இறங்குகிறது: தன் சொந்த வீட்டில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கூடத்தில். இந்த நஷ்டம் எந்தக் கணக்கேட்டிலும் சரியாகப் பதிவாவதில்லை. சில வருடங்கள் கழித்து, பொருளாதாரம் தேறி, பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கு வரும்போது கதவு அடைத்திருக்கிறது. அமெரிக்க அனுபவத்தை வைத்து இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நல்லதும் கெட்டதுமாக அங்கேதான் இது அதிகம் ஆராயப்பட்டிருக்கிறது.

வீட்டுக் காப்பகம் என்று நான் சொல்வது, ஒருவர் தன் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் சிறிய உரிமம் வைத்திருப்பவர் அதிகபட்சம் எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம், அதுவும் வயது நிபந்தனைகளோடு. உதவியாளர் ஒருவரோடு பெரிய உரிமம் எடுத்தால் பதினான்கு வரை போகலாம். நியூ ஜெர்சியில் பதிவு செய்துகொண்டவர் ஐந்து வெளிப்பிள்ளைகளைப் பார்க்கலாம், பதிவே அங்கு கட்டாயமில்லை. 2012-ல் நாடு முழுவதும் நடந்த ஆய்வு ஒன்றின்படி, அரசுப் பட்டியல்களில் இடம்பெற்ற வீட்டுக் காப்பாளர்கள் ஏறத்தாழ 1,18,000 பேர். பட்டியலில் இல்லாமல், ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளை பார்த்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். பணம் வாங்காமல் பார்த்த பாட்டிமார், அத்தைமார், அண்டைவீட்டார் சுமார் 27 லட்சம். முதல் எண்ணுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். மந்தநிலையில் பிள்ளைகள் நகர்வது பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள்தான்.

நெருங்கிப் பார்க்க ஒரு கைக்கணக்கு போடுவோம். ஒரு பெண் தன் வீட்டில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைக்கு வாரம் 200 டாலர் என்று வைத்துக்கொண்டால் வார வரவு 1,200 டாலர். ஊரில் ஒரு தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்கிறது. முதல் பிள்ளையின் அப்பாவுக்கு வேலை போகிறது, நான்கு வயதுப் பையனை அவரே வீட்டில் வைத்துக்கொள்கிறார். அங்கே 200 டாலர் போயிற்று. இரண்டாவது பிள்ளையின் அம்மாவுக்கு வேலை இருக்கிறது, ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான். அவர் மூன்று நாளுக்கு மட்டும் 120 டாலர் தருகிறார். மூன்றாவது பிள்ளையின் அம்மா, "அக்கா, ரெண்டு மாசம் பாதிப் பணம்தான் தர முடியும்" என்கிற பாணியில் தன் மொழியில் கேட்கிறார். சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதில் 100 டாலர் குறைகிறது. இப்போது வார வரவு 820 டாலர்.

கணக்கெடுக்க வருபவர் என்ன காண்பார்? ஆறு பிள்ளைகள் ஐந்தாகியிருக்கிறார்கள், ஆறில் ஒரு பங்கு சரிவு. நடத்துபவர் கையில் வரவு மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறைந்திருக்கிறது. வேலை நேரம் மட்டும் மாறவில்லை. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து மாலை ஆறுக்குக் கடைசிப் பிள்ளையை அனுப்பும் வரை அவர் வெளியே போக முடியாது. வீட்டுக் கடன் தவணை, காப்பீடு, குளிர்காலச் சூடேற்றும் செலவு எதுவும் பிள்ளை எண்ணிக்கை பார்த்துக் குறைவதில்லை. மூன்று நாள் வரும் பிள்ளையின் மீதி இரண்டு நாளை நிரப்ப, அதே இரண்டு நாள்களுக்கு மட்டும் ஆள் தேடும் குடும்பம் அகப்பட வேண்டும். அப்படி அமைவது அபூர்வம். பெரிய காப்பகம் ஒன்றில் அறுபது பிள்ளைகளில் ஒருவர் நின்றால் அது அன்றைய பேச்சோடு போகும். இங்கே ஒரு பிள்ளை நின்றால் மளிகைப் பட்டியலே மாறுகிறது.

உணவுப் பணமும் இதோடு சேர்ந்து இறங்குகிறது. குழந்தைகளுக்குத் தரும் உணவுக்காக மத்திய அரசு வீட்டுக் காப்பாளர்களுக்கு ஈட்டுத்தொகை தருகிறது, பரிமாறிய ஒவ்வொரு வேளைக்கும் இவ்வளவு என்று. பிள்ளை வராத நாளில் அந்தத் தொகை இல்லை. 1996-ல் வந்த சட்டத்தின் விளைவாக இந்தத் தொகை இரண்டு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஏழைப் பகுதியில் இருக்கும் வீடுகளுக்கு அதிக விகிதம், மற்றவர்களுக்குக் குறைந்த விகிதம். நடுத்தரப் பகுதியில் இருப்பவர், வருமானம் இறங்கிப்போன பெற்றோரின் பிள்ளைகளுக்கு அதிக விகிதம் பெறலாம்தான். அதற்குப் பெற்றோர் வருமானப் படிவம் நிரப்பித் தர வேண்டும். நேற்று வேலை இழந்தவரிடம் போய் அதைக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பாதிப் பணத்துக்கு இவர் ஏன் ஒப்புக்கொள்கிறார்? பெரிய காப்பகத்தில் ஒப்பந்தம் உண்டு, தாமதக் கட்டணம் உண்டு, பணம் கேட்க அலுவலகத்தில் ஒருவர் உண்டு. இங்கே பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கும் அதே கையோடுதான் கணக்கும் பேச வேண்டும். ஒன்றரை வயதிலிருந்து மடியில் வைத்து வளர்த்த பிள்ளையை, பணம் இல்லை என்பதற்காக அனுப்பிவிட மனம் வராது. வணிகக் காரணமும் இருக்கிறது: இந்த நேரத்தில் இடம் காலியானால் நிரப்ப ஆள் கிடைக்காது, ஒன்றுமே வராமல் போவதைவிடப் பாதியாவது வருவது பரவாயில்லை. மனமும் கணக்கும் ஒரே பக்கம் இழுக்கின்றன. இதன் விளைவு என்னவென்றால், வேலை இழந்த குடும்பத்தின் இழப்பில் ஒரு பகுதியை, ஓய்வூதியமோ வேலையிழப்புக் காப்பீடோ இல்லாத ஒரு பெண் தன் வருமானத்திலிருந்து ஏற்றுக்கொள்கிறார். அவருக்குத் திருப்பித் தருபவர் யாரும் இல்லை.

இது வெளியே போகும் ஓட்டம். உள்ளே வரும் ஓட்டமும் உண்டு, அதுதான் இந்த விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. பெரிய காப்பகத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் அடுத்த படியாக வீட்டுக் காப்பகத்தைத் தேடி வருவார்கள், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் அது கட்டணம் குறைவு. வீட்டுக் காப்பகத்துக்கும் கட்ட முடியாதவர்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விடுவார்கள். ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் ஒரு பிள்ளை மேலே இருந்து வந்து சேர்வதும் இன்னொன்று கீழே இறங்கிப் போவதும் நடக்கும். எண்ணிக்கை சமமாகத் தெரியும். ஆனால் வந்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்தால் உரிம விதிப்படி அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளக்கூடிய மற்ற பிள்ளைகள் குறைவு. கலிபோர்னியாவில் கைக்குழந்தைகளை மட்டும் பார்ப்பவர் நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேரம் மாறுவது இன்னும் முக்கியம். 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்ததாக அதிகாரபூர்வமாகக் குறிக்கப்படும் அந்த மந்தநிலையில், கட்டுமானமும் தொழிற்சாலைகளும் முதலில் விழுந்தன. அதனால் ஆண்களின் வேலையின்மை பெண்களுடையதைவிட வெகு உயரத்துக்குப் போனது. மொத்த வேலையின்மை 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. கணவனுக்கு வேலை போன வீட்டில், அதுவரை வீட்டில் இருந்த மனைவி கிடைத்த வேலைக்குப் போனார். கிடைத்தவை முதியோர் இல்லப் பணி, கடைப் பணி, துப்புரவுப் பணி போன்றவை. இவற்றில் பல அதிகாலை ஐந்துக்குத் தொடங்கும், அல்லது இரவு பதினொன்றுக்கு முடியும். கணவனோ பகலெல்லாம் நேர்காணலுக்கும் தினக்கூலிக்கும் அலைகிறார். பெரிய காப்பகங்கள் ஏழிலிருந்து ஆறுவரை என்று கதவில் எழுதி வைத்திருப்பவை. விடியற்காலையில் தூங்கும் பிள்ளையைக் கம்பளியோடு வாங்கிக்கொள்ளும் இடம் வீட்டுக் காப்பகம்தான். ஆக, பகல் நேரத்தில் தேவை சரிகிற அதே வாரத்தில் விடிகாலைக்கும் இரவுக்கும் தேவை ஏறுகிறது. வேலை நேரம் நீள்கிறது, வரவு குறைகிறது.

அடுத்தது அரசு உதவித்தொகை. என் பார்வையில் மந்தநிலையின் விளைவை அதிகம் தீர்மானிப்பது இதுதான். ஏழைக் குடும்பங்களுக்குக் காப்பகக் கட்டணத்தில் உதவ மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதி தருகிறது. தகுதியுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் அது போய்ச் சேர்கிறது என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த உதவி வேலையோடு கட்டப்பட்டது. பெற்றோர் வேலை செய்தால் அல்லது படித்தால்தான் பணம். வேலை போனால்? 2014-க்கு முன்பு இது மாநிலத்தின் இஷ்டம். சில மாநிலங்கள் வேலை தேடச் சில வாரங்கள் அவகாசம் கொடுத்தன, சில அதுகூடக் கொடுக்கவில்லை. அதாவது, வேலை தேட பிள்ளையை எங்காவது விட வேண்டிய நேரத்தில்தான் அந்த உதவி நின்றது. பிள்ளையை விட இடமில்லாமல் நேர்காணலுக்குப் போக முடியாது, நேர்காணலுக்குப் போகாமல் வேலை கிடைக்காது, வேலை கிடைக்காமல் உதவி திரும்பாது.

மாநில அரசுகளின் வரவும் அதே சமயத்தில் சரிகிறது. மந்தநிலையில் மத்திய அரசு கடன் வாங்கிச் செலவழிக்கலாம். மாநிலங்களில் மிகப் பெரும்பாலானவை தம் வரவு செலவைச் சமன் செய்தே ஆக வேண்டும். 2009 பிப்ரவரியில் அரிசோனா புதிய விண்ணப்பங்களை நிறுத்திக் காத்திருப்புப் பட்டியலைத் தொடங்கியது. ஒபாமா அரசின் ஊக்கத் திட்டம் அதே மாதத்தில் காப்பக உதவிக்கென 200 கோடி டாலர் ஒதுக்கியது. அது இரண்டு வருடங்களுக்குத் தாங்கியது. 2010 அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், பொதுநல உதவியிலிருந்து வெளியேறி வேலைக்குப் போன குடும்பங்களுக்கான காப்பக நிதியில் 25.6 கோடி டாலரைத் தன் ரத்து அதிகாரத்தால் வெட்டினார். வேலைக்குப் போ, அரசை நம்பாதே என்று சொல்லி அனுப்பப்பட்ட தாய்மார்கள் அவர்கள். அதைக் கேட்டு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம் போயிற்று. அந்தப் பிள்ளைகளில் பலர் இருந்தது வீட்டுக் காப்பகங்களில். இங்கே தேவை விழுந்ததற்குக் காரணம் குடும்பத்தின் முடிவு அல்ல, மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் போடப்பட்ட ஒரு கையெழுத்து.

அந்த மந்தநிலையில் வீட்டுக் காப்பகங்களுக்கு பெரும்பாலான தொழில்களுக்கு இல்லாத ஓர் ஆபத்தும் இருந்தது. அந்தச் சரிவு தொடங்கியதே வீட்டுச் சந்தையில்தான். தவணை கட்ட முடியாத லட்சக்கணக்கான வீடுகளை வங்கிகள் கைப்பற்றின. கடைக்காரர் வீட்டை இழந்தாலும் கடை இருக்கும். வீட்டுக் காப்பாளர் வீட்டை இழந்தால் தொழிலும் அன்றே முடிகிறது. கலிபோர்னியாவில் உரிமம் அந்த முகவரிக்கு உரியது, வேறு வீட்டுக்குப் போனால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டு உரிமையாளரின் மனமும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. வாடகைதாரர் உரிமம் பெற்ற வீட்டுக் காப்பகம் நடத்துவதை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்று பெரிய உரிமங்களையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்லும் சட்டம் கலிபோர்னியாவில் 2019-ல்தான் வந்தது.

போட்டியும் கூடுகிறது. வேலை இழந்த பெண்கள் பலர், தம் பிள்ளையோடு இன்னும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்குவார்கள். முதலீடு அதிகம் வேண்டாம், வீடு இருக்கிறது, கை இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேவை சுருங்கும் சமயத்தில் ஆட்கள் பெருகினால் கட்டணம் இன்னும் இறங்கும், அதிலும் உரிமம், ஆய்வு, பயிற்சி என்று செலவழித்தவருக்கே அடி அதிகம்.

இவ்வளவும் நடக்கும்போது அரசின் வேலைவாய்ப்புக் கணக்கு என்ன சொல்லும்? மாதந்தோறும் வெளியாகும் நிறுவனச் சம்பளப் பட்டியல் கணக்கில் சுயதொழில் செய்பவர்கள் சேர மாட்டார்கள். காப்பகத் துறையில் இத்தனை வேலைகள் போயின என்று செய்தித்தாளில் வரும் எண் பெரும்பாலும் பெரிய காப்பகங்களின் எண். வரவில் மூன்றில் ஒரு பங்கை இழந்த வீட்டுக் காப்பாளர் வேலையற்றவர் அல்ல, தினமும் பதினொரு மணி நேரம் வேலை செய்கிறார். அவர் இழந்ததற்குப் பதிவேட்டில் பெயர் இல்லை. வேலையிழப்புக் காப்பீடும் அவருக்கு இல்லை. 2020 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்துச் சிறப்புச் சட்டத்தின் கீழ்தான் சுயதொழில் செய்பவர்களுக்கு நாடு தழுவிய அளவில் அந்த உதவி திறந்துவிடப்பட்டது. அதுவும் தற்காலிகமாக.

2020 வேறுவிதமான சரிவு. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் காப்பகத் துறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலைகளை இழந்தது. பெரிய காப்பகங்கள் மூடிய இடங்களில் வீட்டுக் காப்பகங்கள் பல திறந்தே இருந்தன. மருத்துவமனைத் தாதியரும் மளிகைக் கடைப் பணியாளர்களும் பிள்ளைகளை அங்கே விட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். கூட்டம் குறைவான இடம் என்பதால் சில பெற்றோர் பெரிய காப்பகத்திலிருந்து வீட்டுக் காப்பகத்துக்கு மாறினார்கள். பள்ளிகள் இணையவழிக்குப் போனபோது, மாலையில் மட்டும் வந்துகொண்டிருந்த எட்டு வயதுப் பிள்ளைகள் மடிக்கணினியோடு காலையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். மறுபக்கம், வீட்டிலிருந்தே வேலை பார்த்த பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். பல வீடுகளில் வரவும் இழப்பும் ஒரே மாதத்தில் நடந்தன.

பெரிய வித்தியாசம் பணத்தில் இருந்தது. 2021 மார்ச்சில் கையெழுத்தான மீட்புச் சட்டம் காப்பகங்களுக்கு மொத்தம் 3,900 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 2,400 கோடி டாலர் நேரடியாகக் காப்பகங்களைத் தாங்கிப் பிடிக்கும் மானியம். இது பிள்ளையின் தலையை எண்ணித் தரப்பட்டதல்ல, காப்பகம் உயிரோடு இருப்பதற்காகத் தரப்பட்டது. வீட்டுக் காப்பகங்களையும் சேர்த்து 2 லட்சத்துக்கும் அதிகமான காப்பகங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. வாடகை, வீட்டுக் கடன், உணவு, நடத்துபவரின் சொந்தச் சம்பளம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்த அனுமதி இருந்தது. அந்தக் கடைசி இனம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன் உழைப்புக்கும் ஒரு கூலி உண்டு என்று அரசுப் படிவம் ஒன்று அந்தப் பெண்ணிடம் சொன்னது. மானியம் 2023 செப்டம்பர் 30-ல் முடிந்தது.

சரிவு முடிந்த பின் நடப்பதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. ஜெசிகா பிரவுன், கிறிஸ் ஹெர்ப்ஸ்ட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பல மந்தநிலைகளை எடுத்துப் பார்த்தார்கள். காப்பகத் துறை பொருளாதாரத்தோடு சேர்ந்து விழுகிறது, ஆனால் எழுவதற்கு அதைவிட அதிக காலம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. வீட்டுக் காப்பகங்களில் இது இன்னும் கூர்மையாக இருக்கும் என்று நினைக்கக் காரணங்கள் உண்டு. ஒரு கடையைப் பூட்டித் திறப்பதுபோல் இதைச் செய்ய முடியாது. உரிமம் காலாவதியானால் மீண்டும் விண்ணப்பம், வீட்டிலுள்ள வயதுவந்த ஒவ்வொருவருக்கும் கைரேகைச் சோதனை, வீட்டு ஆய்வு, முதலுதவிப் பயிற்சி என்று மாதங்கள் ஓடும். அதற்குள் அந்தப் பெண் வேறு வேலையில் சேர்ந்திருப்பார். 2022 மே மாதத்தில் அமெரிக்காவில் குழந்தைப் பராமரிப்புப் பணியாளரின் நடுமட்டக் கூலி மணிக்கு 13.71 டாலர். அதே காலத்தில் பொருட்கிடங்குகளும் பல்பொருள் அங்காடிகளும் பல ஊர்களில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தன, மருத்துவக் காப்பீட்டோடு. திரும்பி வராதவரை யார் குறை சொல்ல முடியும்?

உரிமம் பெற்ற சிறிய வீட்டுக் காப்பகங்கள் 2005-க்கும் 2017-க்கும் இடையில் 48 சதவீதம் குறைந்தன. 2012-ல் 1,18,000 ஆக இருந்த பட்டியல் 2019-ல் 91,000 அளவுக்கு வந்துவிட்டது, பெருந்தொற்றுக்கு முன்பே. எல்லாப் பழியையும் மந்தநிலை மேல் போடுவது நேர்மையாகாது. அரசுப் பள்ளிகள் நான்கு வயதுப் பிள்ளைகளை இலவசமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கின. கட்டுப்படியாகும் வயதுப் பிள்ளைகள் அங்கே போய்விட, அதிகக் கவனிப்பு கேட்கும் கைக்குழந்தைகள் மட்டும் மிஞ்சினார்கள். விதிகள் கூடின. எண்பதுகளில் தொடங்கியவர்களுக்கு வயதாயிற்று, மகள்கள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஆனால் மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலில் மந்தநிலை செய்யும் வேலை என்னவென்றால், இன்னும் ஐந்து வருடம் தாங்கியிருக்கக்கூடியவரை இந்த வருடமே நிறுத்திவிடுகிறது. அதன் வலி அப்போது தெரியாது, ஏனென்றால் அப்போது பிள்ளைகளும் குறைவு. பொருளாதாரம் எழுந்து, தாய்மார்கள் வேலைக்குக் கூப்பிடப்படும்போதுதான் தெரியும். மந்தநிலையில் பிள்ளைகளைத் தேடி வீடுகள் காத்திருக்கின்றன, மீட்சியில் வீடுகளைத் தேடிப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியாவின் மென்பொருள் நகரங்களில் நம்மவர்கள் பலர் பிள்ளையை விடத் தேடுவது இன்னொரு இந்தியப் பெண் நடத்தும் வீட்டுக் காப்பகத்தைத்தான். மதியம் தயிர்சாதம் கிடைக்கும், பிள்ளை காதில் தமிழோ தெலுங்கோ விழும். 2022 இறுதியிலும் 2023-லும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தபோது இந்தக் காப்பகங்களில் தேவை நடந்துகொண்ட விதம் தனி. வெளிநாட்டு ஊழியர்களுக்கான எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த அறுபது நாளில் அவருக்குப் பிள்ளையைப் பார்க்க நேரம் இருக்காது, விடிய விடிய நேர்காணல்கள். அதனால் உடனே நிறுத்த மாட்டார். அதன் பிறகு வேலை கிடைத்தால் வேறு ஊருக்கு மாறலாம், கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியிருக்கலாம். இரண்டு வழியிலும் பிள்ளை ஒரே நாளில் முழுதாகப் போகிறது. மூன்று நாள், பாதிப் பணம் என்ற இடைநிலையே இல்லை.

ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியும் இந்தச் சந்தையின் ஒரு பகுதி. சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். முதலில் அம்மா அப்பா, அவர்கள் போனதும் மாமனார் மாமியார் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிடும் குடும்பங்கள் ஏராளம். கையில் பணம் இறுகும்போது இந்த ஏற்பாடு நீளும், வீட்டுக் காப்பகத்தில் சேரும் நாள் தள்ளிப்போகும். காப்பகம் நடத்த விரும்பும் பெண்ணின் பக்கமும் ஒரு பூட்டு இருக்கிறது. எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவி, வேலை அனுமதி அட்டை இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்க முடியாது. அந்த அட்டை 2015 முதல்தான் கிடைக்கிறது, அதுவும் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால். கணவர் வேலை போனால் அவருடைய விசா நிலையோடு மனைவியின் அனுமதியும் ஆட்டம் காண்கிறது. ஒரே ஆட்குறைப்பில் பிள்ளையை அனுப்பும் வீடும் பிள்ளையைப் பார்க்கும் வீடும் சேர்ந்து அசைய இடமுண்டு.

தேவையைப் பெற்றோரின் பணப்பையிலிருந்து பிரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசே அவசரகால மழலைப் பள்ளிகளை 1933 முதல் நடத்தியது. முதன்மை நோக்கம் வேலையற்ற ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது. சரிவுக் காலத்தில் பராமரிப்பு இடங்கள் கூடின என்பது அந்த முயற்சியின் சிறப்பு. கொலம்பியாவில் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஏழைக் குடியிருப்புகளில் பெண்கள் தம் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அரசு பணம் தருகிறது. 'சமூகத் தாய்' என்று அவர்களை அழைக்கிறார்கள். ஊரில் வேலை போனாலும் அந்த வீடு திறந்திருக்கும், பெற்றோரின் கட்டணத்தை நம்பி அது நடப்பதில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியோடு முறையான பணி ஒப்பந்தம் கிடைக்க 2014 வரை போராட வேண்டியிருந்தது. அரசு பணம் தந்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

அமெரிக்காவிலும் விதிகள் சற்று நகர்ந்திருக்கின்றன. 2014-ல் திருத்தப்பட்ட சட்டம், உதவி பெறும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு மாதத் தகுதியை உறுதி செய்தது. இடையில் வேலை நிரந்தரமாகப் போனாலும் குறைந்தது மூன்று மாதங்களுக்கு உதவி தொடர வேண்டும் என்றது. பிள்ளை வந்த நாளை எண்ணாமல், சேர்ந்திருக்கும் இடத்துக்குப் பணம் தர வேண்டும், அதுவும் முன்கூட்டியே தர வேண்டும் என்று 2024-ல் வந்த மத்திய விதி கேட்டது. வீட்டுக் காப்பாளருக்கு இது பெரிய விஷயம். அந்த விதிப்படி, காய்ச்சலில் ஒரு பிள்ளை ஒரு வாரம் வராவிட்டாலும் அந்த வார வரவு குறையாது.

நியூ மெக்சிகோ மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், 2025 நவம்பர் 1 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் காப்பகச் செலவை ஏற்றிருக்கிறது. இடம் போதாது என்பதால் புதிய வீட்டுக் காப்பாளர்களைத் தேடிச் சேர்க்கவும் முனைந்திருக்கிறது. இதற்கான பணம் எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து கட்டிய நிரந்தர நிதியங்களை நம்பியிருக்கிறது. எண்ணெய் விலை விழும் ஆண்டிலும் அந்த நிதியங்கள் தாங்குமானால், அங்குள்ள வீட்டுக் காப்பாளர் பாதிப் பணத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது. வேலை இழந்த தாய் பிள்ளையை விட்டுவிட்டு நேர்காணலுக்குப் போகலாம். அடுத்த சரிவில், அந்த மாநிலத்தில் எத்தனை வீட்டு உரிமங்கள் மிஞ்சுகின்றன, பக்கத்து அரிசோனாவில் எத்தனை மிஞ்சுகின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.